இந்த வேலை போனால் அடுத்த வேலை கிடைக்குமா? வேலையில் இருப்பவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

நாற்பது வயதுக்கு மேல் வேலையிழந்து தவிப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். அவர்களில் பலர் நன்றாக வேலை தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். பதினைந்து வருடம் ஒரே நாற்காலியில் உண்மையாக உழைத்திருப்பார்கள். அந்த உழைப்பில் பெரும்பகுதி அந்த ஒரு கம்பெனிக்கு மட்டுமே உதவியது என்பது வெளியே வந்த பிறகுதான் தெரியவரும். வீட்டுக் கடன் தவணையும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் ஒன்றாகக் கழுத்தைப் பிடிக்கும் வயதும் அதுதான். வேலை கையில் இருக்கும்போதே, பதற்றமில்லாமல் செய்துகொள்ளக்கூடிய காரியங்கள் நிறைய உண்டு. அவற்றில் முக்கியமானவற்றை இங்கே தருகிறேன்.

1. ஆண்டுக்கு ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். ஆயுத பூஜை வாரம் பொருத்தமானது. கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைக்கும் அந்த நாட்களில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு நோட்டில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: "நாளைக்குக் காலையில் கம்பெனியில் இனி வரவேண்டாம் என்றால், என்னை எந்த மூன்று இடங்களில் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? என்ன சம்பளத்துக்கு?" இடங்களின் பெயரைக் கட்டாயம் எழுத வேண்டும். "எங்கேயாவது கிடைக்கும்" என்பது பதிலாகாது. மூன்று பெயர் எழுத முடியவில்லை என்றால் கீழே உள்ள குறிப்புகள் உங்களுக்கு அவசரமானவை.

2. அதே நோட்டில் அடுத்த பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். நீங்கள் தினமும் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். உங்கள் அலுவலகத்தில் மட்டுமே செல்லுபடியாகும் வேலைகள் முதல் பத்தியில் வரட்டும்: அந்தக் கம்பெனிக்கென்று செய்த சாஃப்ட்வேரில் பதிவு போடுவது, முதலாளிக்குப் பிடித்த மாதிரி அறிக்கை தயாரிப்பது, எந்த ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது. இரண்டாவது பத்தி, இதே தொழிலில் உள்ள எந்தக் கம்பெனிக்கும் தேவைப்படுபவை. மூன்றாவது, எந்தத் தொழிலுக்குப் போனாலும் உதவுபவை: கணக்குப் பார்ப்பது, வாடிக்கையாளரிடம் பேசிப் பிரச்சினை தீர்ப்பது, பத்துப் பேரை வைத்து வேலை வாங்குவது.

முதல் பத்தி மற்ற இரண்டையும்விட நீளமாக இருந்தால் அதுதான் ஆபத்து. அந்த வேலைகளை விட்டுவிட முடியாது. அவற்றுக்குத்தான் சம்பளம் தருகிறார்கள். ஆனால் இந்த ஆண்டு புதிதாகக் கற்கும் எதுவும் இரண்டாவது, மூன்றாவது பத்தியில் சேர்வதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. செய்யும் வேலை எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது வாட், கலால் வரி, சேவை வரி என்று தனித்தனியாக இருந்தவை ஒன்றாகிவிட்டன. எந்த பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்று மட்டும் மனப்பாடம் செய்திருந்த கணக்கர்கள் திண்டாடிப்போனார்கள். உள்ளீட்டு வரி என்றால் என்ன, அதை எப்படிக் கழிக்கிறோம் என்று புரிந்து வேலை செய்தவர்களுக்கு மாறியது படிவம் மட்டும்தான். அவர்களைத் தேடி வெளியிலிருந்தும் வேலை வந்தது.

4. உங்கள் தொழிலில் வரப்போகும் மாற்றத்துக்குத் தேதி குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அரசு கொண்டுவரும் மாற்றங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் வந்தது. படிப்படியாக வரம்பைக் குறைத்து 2023 ஆகஸ்டில் 5 கோடிக்குக் கொண்டுவந்தார்கள். நடுத்தர நிறுவனத்தில் கணக்கு எழுதுபவருக்குக் கற்றுக்கொள்ள ஏறக்குறைய மூன்று வருடம் இருந்தது. பைக் மெக்கானிக்குகளுக்கும் இப்படித்தான். 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 விதி வந்த பிறகு பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. ஸ்கேனர் வாங்கி, சென்சார் கோளாறு பார்க்கக் கற்றவர்களின் பட்டறைக்கு இன்றும் வண்டி வருகிறது. இப்போது மின்சார வண்டி வந்துகொண்டிருக்கிறது. பேட்டரியும் மோட்டார் கன்ட்ரோலரும் கற்க இது நல்ல நேரம்.

5. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேலை தேடாவிட்டாலும், உங்கள் பதவிக்கு வந்த பத்து வேலை விளம்பரங்களைப் படியுங்கள். நௌக்ரி, லிங்க்டுஇன், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர், திருப்பூரிலும் ஓசூரிலும் என்றால் கம்பெனி கேட்டில் தொங்கும் "ஆட்கள் தேவை" பலகை, எதுவானாலும் சரி. உங்களுக்குத் தெரியாத சொல் எவையெல்லாம் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே சொல் நான்கைந்து விளம்பரத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அடுத்துக் கற்க வேண்டியது அதுதான். என்ன சம்பளம் போடுகிறார்கள், எத்தனை வயது வரை கேட்கிறார்கள் என்பதையும் எழுதிவையுங்கள். கோச்சிங் சென்டர் விளம்பரத்தைவிட இந்தப் பட்டியல் நம்பகமானது. ஆள் எடுப்பவர்களே சொன்னது இது.

6. இப்போது நிற்கும் படிக்கு அடுத்த படியை மட்டும் குறிவையுங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலர் தவறவிடும் இடம் இது.

கோவையில் சி.என்.சி. மெஷின் ஓட்டுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாப்பை மாட்டி, பட்டனை அழுத்தி, முடிந்ததும் கழற்றி வைக்கத் தெரிந்தவருக்கு ஒரு சம்பளம். அந்த இடத்துக்கு ஒரு வாரத்தில் வேறு ஆளைப் பழக்கிவிடலாம், ரோபோவையும் நிறுத்தலாம். டூல் தேய்ந்தால் ஆஃப்செட் மாற்றத் தெரிந்தவருக்குக் கொஞ்சம் கூடுதல். டிராயிங்கைப் படித்து, மைக்ரோமீட்டரில் அளந்து, புது ஜாப்புக்கு மெஷினைச் செட் செய்பவர் செட்டர். அவரை விட முதலாளிக்கு மனம் வராது. ஜி கோடு, எம் கோடு எழுதி புரோகிராம் போடுபவர் எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வார். நான்கு பேரும் நிற்பது ஒரே மெஷின் முன்னால்.

ஆபரேட்டராக இருப்பவர் நேராகப் புரோகிராமிங் கோர்ஸில் போய்ப் பணம் கட்டத் தேவையில்லை. முதலில் ஆஃப்செட், பிறகு செட்டிங். ஷிப்ட் முடிந்து அரை மணி நேரம் செட்டர் பக்கத்தில் நில்லுங்கள். "அண்ணே, அடுத்த செட்டிங்கை நான் பண்றேன், நீங்க பார்த்துச் சரி பண்ணுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சொல்லித்தருவார்கள். திருப்பூரில் ஓவர்லாக் மட்டும் தைக்கும் தையல்காரர் பிளாட்லாக்கும் பழகிக்கொள்வதும் இதே கணக்குதான். டைப்பிஸ்ட் எக்செல் கற்பதும், எக்செல் தெரிந்தவர் பிவட் டேபிள் போடப் பழகுவதும் அப்படியே.

7. சனிக்கிழமைதோறும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வாரம் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது, எவ்வளவு. "ரிஜெக்ஷன் நூற்றுக்கு ஆறிலிருந்து மூன்றானது", "மாதக் கணக்கை 7-ம் தேதிக்குப் பதில் 3-ம் தேதியே முடித்தோம்" என்பது போல எண்ணோடு எழுத வேண்டும். இன்டர்வியூவில் "நன்றாக வேலை செய்வேன் சார்" என்று எல்லாரும் சொல்வார்கள். எண்ணைச் சொல்பவர் மனதில் நிற்பார். ஒரு எச்சரிக்கை: எழுதுவது உங்கள் வேலையைப் பற்றி மட்டும். கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலையோ விலை விவரத்தையோ வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றம், பெயரும் கெடும்.

8. சான்றுகளுக்கு ஒரு கோப்பு போடுங்கள். நியமன ஆணை, சம்பள உயர்வுக் கடிதங்கள், சம்பளச் சீட்டு, படிவம் 16, பழைய கம்பெனிகளின் ரிலீவிங் கடிதம், அனுபவச் சான்றிதழ். ரிலீவிங் கடிதத்தை வேலையை விட்ட மாதமே கேட்டு வாங்கிவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துப் போனால் கம்பெனியே இருக்காது, இருந்தாலும் எச்.ஆர். ஆள் மாறியிருப்பார். எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்து மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

9. பெயரையும் இனிஷியலையும் சரிபாருங்கள். நம் ஊருக்கே உரிய சிக்கல் இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னால் இனிஷியல், ஆதாரில் பின்னால் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, பி.எஃப். கணக்கில் இனிஷியலே இல்லை. வேலை மாறும்போதும் பி.எஃப். பணத்தை மாற்றும்போதும் இது மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். பிறந்த தேதிக்கும் இதேதான். வேலையில் இருக்கும்போது கம்பெனி மூலமாகத் திருத்துவது எளிது. விலகிய பிறகு கையெழுத்துக்கு அலைய வேண்டும்.

10. வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். உங்களிடம் பிடிப்பது 12 சதவீதம். கம்பெனி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. இதற்கு 15,000 ரூபாய் சம்பள வரம்பு உண்டு. மொத்தம் பத்து வருடச் சேவை சேர்ந்தால்தான் 58 வயதில் மாதாந்திர ஓய்வூதியம். நான்கு வருடத்தில் விலகி, ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த நான்கு வருடமும் கணக்கில் இல்லாமல் போகிறது. மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வருமான வரியும் உண்டு. 12 இலக்க யு.ஏ.என். எண் ஒருவருக்கு ஒன்றுதான். புதுக் கம்பெனியில் அதையே கொடுத்துப் பழைய இருப்பை மாற்றிக்கொள்ளுங்கள். மில், பனியன் கம்பெனிகளில் உழைப்பவர்கள் பலர் இதை அறியாமல் முதுமைக்கான காசை முன்பணத்துக்கும் பண்டிகைக்கும் செலவழித்துவிடுகிறார்கள். பார்க்கவே வேதனையாக இருக்கிறது.

11. மாதம் ஒருமுறை பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். பதிவு செய்த செல்போனிலிருந்து 99660 44425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் குறுஞ்செய்தி வரும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கணக்கில் கட்டாமல் இருந்தால் கம்பெனியின் கையில் பணம் இல்லை என்று பொருள். சம்பளத் தேதி நழுவுவது, சரக்குக் கொடுப்பவர்கள் வரவேற்பறையில் காத்துக் கிடப்பது, விலகியவர் இடத்துக்கு ஆள் போடாமலிருப்பது ஆகியவையும் அடையாளங்கள். இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் அடுத்த வேலை தேடத் தொடங்கிவிடுங்கள். விசுவாசத்துக்காகக் கடைசி வரை நின்றவர்கள் சம்பள பாக்கியோடு போனதுதான் நடந்திருக்கிறது.

12. சட்டப்படி உங்களுக்கு என்ன உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நியமன ஆணை எழுத்தில் தர வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் நேரடியாக எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருடச் சேவையிலேயே பணிக்கொடை உரிமை உண்டு. நிரந்தர ஊழியர்களுக்கு ஐந்து வருடம். ஆட்குறைப்புக்கு ஆளாகும் தொழிலாளிக்கு மறுபயிற்சிக்கென்று 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையும் சொல்லப்பட்டிருக்கிறது. கேட்பவர்களுக்குத்தான் இவை கிடைக்கும்.

13. ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கட்டும். கையில் பணமில்லாதவர் முதலில் வரும் வேலையை, பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொள்வார்; அடுத்த கம்பெனியில் அந்தச் சம்பளத்திலிருந்துதான் பேச்சு தொடங்கும். கம்பெனி எடுத்துத் தரும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். குடும்பத்துக்கென்று சொந்தமாக ஒன்றைச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருமுன்னே எடுத்துவிடுங்கள்.

14. சான்றிதழ் விஷயத்தில் நிதானம் வேண்டும். "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களுக்குப் போகுமுன், 5-ம் குறிப்பில் எழுதிய பட்டியலை எடுத்துப் பாருங்கள். அந்தச் சான்றிதழின் பெயர் ஒரு விளம்பரத்திலாவது இருக்கிறதா? இல்லையென்றால் வேண்டாம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்திலும், ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல்.-லிலும் பாடங்கள் இலவசம். தேர்வெழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை, வயது வரம்பும் இல்லை. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தப்பட்டுள்ளன. குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று அருகிலுள்ள மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். வங்கியில் இருப்பவர்கள் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளைத் தள்ளிப்போடக் கூடாது. வேலை கைவந்து காகிதம் இல்லாதவர்களுக்கு, ஏற்கெனவே தெரிந்த திறமையைச் சோதித்துச் சான்றளிக்கும் ஆர்.பி.எல். முறை மத்திய அரசின் திறன் திட்டத்தில் இருக்கிறது. வெல்டர், எலக்ட்ரீஷியன், தையல்காரர்களுக்கு இது நல்ல வழி.

15. கூட வேலை செய்பவர்களின் மொழியில் பேசப் பழகுங்கள். ஓசூரிலும் திருப்பூரிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் நிறைய வேலை செய்கிறார்கள். அவர்களிடம் வேலையை விளக்கும் அளவுக்கு இந்தி பேசத் தெரிந்த சூப்பர்வைசருக்கு மதிப்புக் கூடுகிறது. வெளியே போகும் மின்னஞ்சலைப் பிழையில்லாமல் நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதப் பழகினால் அதுவும் அப்படியே.

16. செயற்கை நுண்ணறிவைக் கண்டு பயப்படுவதைவிட அதை வைத்துச் சோதித்துப் பாருங்கள். உங்கள் ஒரு நாள் வேலையை, கம்பெனி ரகசியம் எதையும் கொடுக்காமல், சாட்ஜிபிடி போன்ற ஒன்றிடம் செய்யச் சொல்லுங்கள். எது எளிதாக வந்துவிடுகிறது, எதில் அது தப்புச் செய்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். எளிதாக வந்துவிடும் வேலைக்கு இனி விலை குறையும். அது செய்த தப்பைக் கண்டுபிடிக்கும் அறிவும், நேரில் போய்ப் பார்த்து முடிவெடுப்பதும், "இதற்கு நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போடுவதும் உங்களிடம் இருக்க வேண்டியவை.

17. தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள். கற்றுக்கொடுத்தால் நம் இடம் போய்விடும் என்று தொழிலை ஒளித்துவைப்பது இன்னும் பல பட்டறைகளில் இருக்கிறது. ஒளித்தவர் அதே மெஷினில் ஓய்வுபெறுகிறார். நான்கு பேரைப் பழக்கியவர்தான் மேலே போகிறார். அந்த நான்கு பேரும் நான்கு கம்பெனிக்குப் போன பிறகு, அவருக்கு நான்கு கதவுகள் திறந்திருக்கும்.

18. பழைய சகாக்களிடம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனில் பேசுங்கள். எதுவும் கேட்காமல் பேச வேண்டும். சிறு நிறுவனங்களில் பல இடங்கள் விளம்பரம் வருமுன்பே தெரிந்தவர் சொல்லி நிரம்பிவிடுகின்றன.

19. பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட நினைக்கும் பெண்களுக்கும், அவர்களின் வீட்டாருக்கும்: சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். ராஜினாமா செய்யுமுன் இவற்றைக் கேளுங்கள். விட்டே ஆக வேண்டுமென்றால், வாரத்துக்குச் சில மணி நேரமாவது தொழிலோடு தொடர்பு இருக்கட்டும்: இரண்டு கடைக்குக் கணக்கு எழுதுவது, பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது, ஒரு தேர்வுக்குப் படிப்பது. அந்தச் சில மணி நேரத்தில் குழந்தையைக் கணவரும் மாமியாரும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை உதவி என்று நினைக்கக் கூடாது. குடும்பத்தின் வருமானத்தைக் காக்கும் கடமை.

20. இரண்டு வருடமாகப் புதிதாக எதுவும் கற்கவில்லை என்றால் முதலில் அதே கம்பெனியில் வேறு பிரிவு கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் வெளியே பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று தாவுவதும் வேண்டாம். எந்த வேலையும் முழுதாகக் கைக்கு வராது.

21. கடைசியாக, இதையெல்லாம் வீட்டில் சொல்லிவையுங்கள். வேலை போனதை மறைத்து, சாப்பாட்டுப் பையோடு காலையில் கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அந்த நிலை யாருக்கும் வர வேண்டாம். கம்பெனி நிலவரம், சேமிப்பு, கடன் எல்லாம் கணவன் மனைவி இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பி.எஃப். தளத்தில் வாரிசு நியமனத்தை முடித்துவிடுங்கள். பணியிலிருக்கும்போது உறுப்பினர் இறந்தால் இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உங்கள் யு.ஏ.என். எண்ணையும், சான்றுக் கோப்பு இருக்கும் இடத்தையும் இன்றிரவே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.